சேசிஸைப் பார்த்து வாங்குங்கள்

பொன்னேரி பக்கம் திறந்த கூரை வண்டி என்றால் பெரும்பாலும் பழைய மாருதி ஜிப்ஸி, இல்லாவிட்டால் மகிந்திரா ஜீப். வெளிநாட்டுக் கன்வர்ட்டிபிள் சாமானியர் கைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் உதிரிப்பாகத்துக்கு அலைந்தே ஓய்ந்துபோக வேண்டும். 1985இல் வந்த ஜிப்ஸிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1996இல் அதற்குக் கிடைத்த 1.3 லிட்டர் என்ஜின் எஸ்டீம் காரின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் எங்கும் இருக்கிறார். ஆனாலும் இந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். சத்தம் சீராக இருந்து, புகையும் வராவிட்டால் உடனே விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் ஊருக்கு இந்த வரிசை சரிப்படாது என்பது என் கட்சி. முதலில் சேசிஸ், அடுத்து ஆர்.சி. புக், அப்புறம்தான் என்ஜின்.

காரணம் உப்புக் காற்று. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல், தென்கிழக்கே காட்டுப்பள்ளி, எண்ணூர். மூடிய காரில் கூரையும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். துணி ஹூட் வண்டியில் எல்லாமே அடிச்சட்டத்தின் தலையில்தான். ஐப்பசி, கார்த்திகை மழை ஹூட்டின் தையல் வழியாக இறங்கி, கால்மிதி விரிப்புக்கு அடியில் தங்கிவிடும். தரைத் தகடு உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே போகும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். விற்பதற்கு முன் டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடத்தில் சின்னக் காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் விழும். விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வண்டியை ராம்ப்பில் ஏற்றச் சொல்லி, லீஃப் ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடங்களை ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இரும்பு பொத்தென்று உள்வாங்கும், செதில் உதிரும். சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணை பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவதும் அப்போதே முடிய வேண்டிய வேலை. துரு அந்த எண்ணைத் தின்றுவிட்டால் என்ஜின் எவ்வளவு அருமையாக ஓடினாலும் பயனில்லை. என்ஜினை மாற்றி ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வழி உண்டு. சேசிஸ் போனால் வண்டியே போன மாதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கி எழுந்த வண்டிகளும் சந்தையில் இருக்கக்கூடும் என்பதால் சீட்டுக்கு அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

துரு இல்லாத மூடிய கார் ஒன்றை வாங்கி, பட்டறையில் கூரையை அறுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றத் தடை சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காருக்குத் தனிச் சேசிஸ் இருந்தது, கூரை போல்ட்டில் நின்றது; இங்கிலாந்தில் அதே காரைத் திறந்த கூரையோடு விற்க முடிந்தது அதனால்தான். இன்றைய கார்களில் உடம்பே சட்டம். அதில் கூரையை அறுப்பது முதுகெலும்பில் கை வைப்பது. காகிதத்தையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, பசுமை வரி தனி. தேதி தாண்டிய வண்டியை மலிவு என்று வாங்கினால் அந்தச் செலவும் அலைச்சலும் வாங்கியவர் தலையில்தான்.

இந்த வெயிலுக்கும் லாரிப் புழுதிக்கும் திறந்த வண்டி எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. தச்சூர் கூட்டுச்சாலை தாண்டி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போக இந்த வண்டி ஆகாது, உண்மைதான். குழந்தைகளைப் பின்பக்க பெஞ்சில் பெல்ட் இல்லாமல் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டவே கூடாது. ஆனால் மார்கழி, தை விடியலில் பழவேற்காடு சாலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. உவர்நீரின் வாடையும் வலை இழுக்கும் படகுகளின் சத்தமும் கண்ணாடி மறைக்காமல் வந்து சேரும். ஏரியில் பூநாரைகள் நிற்கும் திசைக்கு வண்டியை ஓரங்கட்டினால் இறங்காமலேயே பார்க்கலாம். ஆண்டில் சில வாரமே கிடைக்கும் சுகமென்றாலும் பெரிய சுகம், ஆசைப்படுவதில் தவறே இல்லை. திரும்பி வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவி, தரையிலுள்ள வடிகால் துளைகளின் மண்ணைக் குத்தி எடுத்து, ஹூட்டைத் திறந்தபடி ஈரம் உலர விட்டால் அந்தச் சேசிஸ் இன்னும் பல மார்கழிகளைப் பார்க்கும்.