ஹார்ட்போர்டின் நீலக் குவிமாடம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கனெக்டிகட் மாநிலத் தலைநகர் ஹார்ட்போர்டு. அந்நகரை நெருங்கும்போது நெடுஞ்சாலையிலிருந்தே பொன்னிற விண்மீன்கள் பதித்த நீலக் குவிமாடம் ஒன்று கண்ணைக் கவர்கிறது. கீழைத் திருச்சபையின் ஆலயமாக இருக்கலாம் என்றே நாங்கள் முதலில் எண்ணினோம். அருகே சென்று அண்ணாந்து பார்த்தால் உச்சியில் சிலுவையைக் காணோம்; முன்னங்கால்களைத் தூக்கியபடி ஒரு குதிரைக்குட்டி நிற்கிறது. அக்கட்டடம் ஒரு காலத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை. அதை நிறுவியவர் சாமுவேல் கோல்ட். கோல்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் குதிரைக்குட்டி என்பதே பொருள்.

எங்களை அழைத்துச் சென்றவர் ஓய்வுபெற்ற எந்திரத் தொழிலாளி ஒருவர். பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பது அவருக்குப் பல்லாண்டுப் பழக்கம். சேகரிப்பு என்றதும் பெரியதோர் ஆயுதக் குவியலை நாங்கள் எதிர்பார்த்தோம். அவரிடம் இருந்தவை இரண்டே. அவற்றை அவர் சுட்டதே இல்லை. 1898-ஆம் ஆண்டு வரையில் செய்யப்பட்டவற்றை அந்நாட்டு மத்தியச் சட்டம் பழம்பொருளாகவே கருதுகிறது. ரிவால்வர்களைவிடக் குறிப்பேடுகளே அவர் வீட்டில் மிகுதி. “இவை பிறந்த ஊர்களைப் பார்க்காமல் இவற்றைப் பார்த்துப் பயனில்லை” என்று கூறி, முதலில் எங்களை நியூஜெர்சி மாநிலத்தின் பாட்டர்சன் நகருக்கு இட்டுச் சென்றார்.

அங்கே பசாயிக் ஆறு 77 அடி உயரத்திலிருந்து பேரிரைச்சலுடன் விழுகிறது. அந்நீரின் ஆற்றலை நம்பி எழுந்த ஆலைகளுள் ஒன்று கோல்ட்டின் முதல் தொழிற்சாலை. இன்று அதன் இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன. கோல்ட் 1814-இல் பிறந்தவர். பதினாறு வயதில், 1830-இல், கார்வோ என்னும் பாய்க்கப்பலில் பணியாளாக நம் கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். அக்கப்பலில் ஏதோ ஒரு சக்கரம் சுழன்று சுழன்று ஓரிடத்தில் நிலைகொள்வதைக் கண்டபோதே சுழல்துப்பாக்கியின் எண்ணம் அவருக்கு உதித்தது என்றும், அதன் மாதிரியை மரத்தில் செதுக்கினார் என்றும் சொல்வது வழக்கம்.

அக்காலக் கைத்துப்பாக்கி ஒரு குண்டு சுட்டதும் ஓய்ந்துவிடும். கோல்ட்டின் அமைப்பில், சுத்தியைப் பின்னுக்கு இழுத்தவுடன் உருளை ஓர் அறை அளவு திரும்பிக் குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அறையிலும் மருந்தும் ஈயக்குண்டும் முன்னரே கெட்டித்திருக்கும். இதற்கு அவர் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, அவ்வாண்டிலேயே பாட்டர்சனில் தொழில் தொடங்கினார். டெக்சாஸ் கடற்படை 1839-இல் 180 ரிவால்வர்கள் வாங்கியது. ஆயினும் போதிய வாங்குவோர் இன்றி 1842-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே உருவானவை மிகச் சிலவே ஆதலால், இன்று சேகரிப்போர் அவற்றைத் தேடித் தவிக்கின்றனர்.

அடுத்து நாங்கள் சென்றது கனெக்டிகட்டில் நியூஹேவனுக்கு அருகேயுள்ள விட்னிவில். தொழிற்சாலை இழந்து நின்ற கோல்ட்டை மீட்டது மெக்சிக்கப் போர். சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவர் முந்தைய ரிவால்வரின் குறைகளை எடுத்துச் சொல்ல, இருவரும் கலந்து புதியதொன்றைத் திட்டமிட்டனர். ஆறு குண்டுகள், ஏறத்தாழ இரண்டு கிலோ எடை! 1847 ஜனவரியில் ஆயிரம் ரிவால்வர்களுக்கு அரசு ஒப்பந்தம் கிடைத்தது; ஒன்றின் விலை 25 டாலர். கோல்ட்டுக்குச் சொந்த ஆலை இல்லை. எனவே இவ்வூரில் இருந்த இளைய எலி விட்னியின் ஆலையில் அவை உருவாயின. வாக்கரோ அவ்வாண்டு அக்டோபரில் மெக்சிக்கோவின் வாமந்த்லாவில் நடந்த சண்டையில் மாண்டார்.

ஆராய்ச்சி என்பது என்ன என்று எங்களுக்கு விளங்கியது இவ்விடத்தில்தான். ‘வாக்கர்’ ரிவால்வர்களில் வெறும் எண் மட்டும் பொறிக்கப்படவில்லை. ஏ முதல் ஈ வரை ஐந்து படைப்பிரிவுகளின் எழுத்தும் உடன் உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். எழுத்தை விட்டு எண்ணை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். பொதுமக்களுக்காக மேலும் நூறு செய்யப்பட்டன. அவற்றுள் பெட்டியுடன் தப்பிப் பிழைத்த ஒன்று 2018-இல் 18 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று. இத்துணை விலை என்றால் போலிகளுக்குக் கேட்கவா வேண்டும்? ஆகவே குழல், சட்டம், உருளை, விசைக்காப்பு ஆகிய அனைத்திலும் எண்கள் ஒத்துள்ளனவா என்று உருப்பெருக்கி கொண்டு பார்க்கின்றனர்.

நண்பர் தம் 1851-ஆம் ஆண்டு ‘நேவி’ வகை ரிவால்வரைக் காட்டினார். உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி. அதனுடன் 1843 மே 16 என்னும் நாள். நாங்கள் உடனே, “1843-இல் செய்ததோ?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிக்கக் கப்பல்களோடு பொருத நாளாம் அது! ஆர்ம்ஸ்பி என்னும் செதுக்குக் கலைஞர் எஃகு அச்சில் பொறித்த காட்சி அது. அவ்வகை உருளைகளில் அதையே அழுத்திப் பதித்தார்கள். தாமும் தொடக்கத்தில் அவ்வாறே ஏமாந்ததாக நண்பர் ஒப்புக்கொண்டார். அவருடைய ரிவால்வர் யாருக்கு விற்கப்பட்டது என்பதை அறிய அவர் எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

அதற்கான காரணத்தை ஹார்ட்போர்டில் அறிந்தோம். கனெக்டிகட் ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்கக் கரை எழுப்பி, 1855-இல் கோல்ட் தம் பெரிய ஆலையைக் கட்டி முடித்தார். எலைஷா ரூட் என்னும் தேர்ந்த பொறியாளர் அமைத்த எந்திரங்கள், உறுப்புகளை ஒன்றுபோல் மற்றொன்றாக ஆயிரக்கணக்கில் அடித்து உருவாக்கியும் கடைந்தும் தந்தன. 1862-இல், 47 வயதில், கோல்ட் காலமானார். 1864 பிப்ரவரி 5-ஆம் நாள் பெருந்தீ எழுந்து ஆலையின் கிழக்குப் பகுதியை அழித்தது. கணக்கேடுகள் பலவும் சாம்பலாயின. எனவேதான் ஏட்டில் இல்லாததை இரும்பில் தேட வேண்டியுள்ளது. கைம்பெண்ணான எலிசபெத் கோல்ட் மனந்தளராமல் ஆலையைத் திரும்பக் கட்டினார். இன்று நாம் காணும் குவிமாடம் அவர் எழுப்பியது. இப்போது அங்கே மக்கள் குடியிருக்கின்றனர். 2014-இல் அப்பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

“மனிதரைக் கொல்வதற்கென்றே செய்த பொருளை இத்துணை அன்போடு துடைத்து வைக்கிறீர்களே, உள்ளம் உறுத்தவில்லையா?” என்று நாங்கள் கேட்டே விட்டோம். அவர் மறுமொழி சொல்லாமல், ஆலைக்கு அருகிலுள்ள நல்லாயன் ஆலயத்துக்கு எங்களை நடத்திச் சென்றார்.

அது ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எப்பிஸ்கோப்பல் சபையின் ஆலயம். தம் கணவரையும், இளவயதிலேயே மறைந்த மூன்று குழந்தைகளையும் நினைந்து எலிசபெத் கட்டியது, 1869-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. தொழிலாளர் நுழைவதற்கென அமைந்த முகமண்டபத்தின் கல்லில் சிலுவைகளோடு ரிவால்வரின் உறுப்புகளும் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சியிருந்த ஒரே மகன் கால்டுவெல்லும் 1894-இல் இறந்தபோது, அத்தாய் அவன் நினைவாகப் பக்கத்திலேயே பங்கு இல்லம் ஒன்றைக் கட்டினார்.

அக்கல்லை நாங்கள் நெடுநேரம் பார்த்து நின்றோம். துப்பாக்கி விற்ற செல்வத்தால் எழுந்த ஆலயம் என்று முகம் சுளிப்பதா? பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கண்ணீர் என்று தலைவணங்குவதா? எங்களுக்கு விடை தெரியவில்லை. அப்போதுதான் நண்பர் வாய் திறந்தார். தம் ரிவால்வரை ஏந்தியவன் யார் என்று தேடத் தொடங்கிய பிறகே, அதன் எதிரே நின்றவன் யார் என்ற எண்ணமும் தமக்கு வந்ததாம். முன்னவன் பெயராவது ஒருநாள் ஏதேனும் ஏட்டில் கிடைக்கலாம். பின்னவன் பெயர் எங்கும் கிடைக்காது. ஆதலால் குறிப்பேட்டைத் திறக்கும்போதெல்லாம் இருவருக்காகவும் ஒரு சிறு செபம் சொல்வதாகக் கூறினார்.

அன்று மாலை நாங்களும் அவரோடு சேர்ந்து அச்செபத்தைச் சொல்லிவிட்டே ஊர் திரும்பினோம்.