கோலா கங்சாரில் கொதித்து நின்ற லோரி

சுங்கை சிப்புட்டைத் தாண்டும்வரை சூட்டு முள் நடுவில்தான் நின்றது. கோலா கங்சார் நெருங்க நெருங்க ஏறத் தொடங்கி, ஊருக்குள் நுழையும்போது சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. தம்பி லோரியை ஓரங்கட்டினான். அடியிலிருந்து ஆவி கிளம்பியது. கூடவே வெல்லப்பாகு காய்ச்சுவதுபோல ஓர் இனிப்பு வாடை.

அப்பா விட்டுப்போன லோரி அது. மூன்று டன், 30 வயதைத் தாண்டிய ஜப்பான் வண்டி. தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது பால்வெட்டை விட்டுவிட்டு லைசென்ஸ் எடுத்தவர், கையிலிருந்ததை எல்லாம் போட்டு அதை வாங்கினார். இப்போது தம்பி குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது. அன்று பின்னால் இருந்தவை கல்யாண நாற்காலிகளும் பந்தல் கம்பிகளும். மறுநாள் காலை தைப்பிங்கில் முகூர்த்தம்.

இரண்டு மாதமாகவே தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் ஒரு போத்தல் ஊற்றுவான். ஆனால் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் காட்டியதற்கு, "ஹெட் கேஸ்கெட் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்று 4,000 வெள்ளிக்கு மேல் சொன்னார்களாம். பழைய இரும்புக்காரரிடம் விலை பேசி வைத்திருப்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னான். அம்மாவுக்குத் தெரியாது.

அங்கே இங்கே விசாரித்து, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறைக்கு மெல்ல உருட்டிக்கொண்டு போனோம். போர்மேன் நம்மவர். அறுபதைத் தாண்டியிருப்பார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ரேடியேட்டர் பக்கம் கையையே கொண்டு போகவில்லை.

"பசியாறிட்டு வாங்க தம்பி. சூடு ஆறாம மூடியைத் திறக்க மாட்டேன்."

முழங்கையில் பழைய தழும்பைக் காட்டினார். மூடியில் 0.9 என்று எழுதியிருக்கிறதே, அது அழுத்தக் கணக்கு. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த அழுத்தத்தில் 120 டிகிரியை நெருங்கினாலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் மொத்தமும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் நடந்தோம். கோலா கங்சார் பேராக்கின் அரச நகரம். வருகிறவர்கள் பெரும்பாலும் 1917-இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் தம்பியை மாவட்ட நில அலுவலகம் பக்கம் அழைத்துப் போனேன். அங்கே வேலிக்குள் ஒரு பால்மரம் நிற்கிறது.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது கொஞ்சம்தான். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதை ஹியூ லோ இங்கே நட்டார். அந்த ஒன்பதில் மிஞ்சியது இது என்கிறார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து லயங்களில் வாழ்ந்ததற்கும், அப்பா விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனதற்கும் தொடக்கம் இந்த மரக்கூட்டம். தம்பி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான். "அப்பா இதைப் பார்த்திருப்பாரா?" என்றான். எனக்குத் தெரியவில்லை.

திரும்பியபோது கேபினைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, மூடி போடாமல் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார் போர்மேன். குமிழி வரவில்லை. எண்ணெய்க் கோலை உருவித் துடைத்துப் பார்த்தார். பால் கலந்த தேநீர் நிறம் இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. "கேஸ்கெட் போனதுக்கு இதுல ஒரு அடையாளம் கூட இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இன்ஜினை அணைத்துவிட்டு, சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றை ரேடியேட்டர் வாயில் பூட்டி 0.9 வரை அழுத்தினார். முள் மெதுவாக இறங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடினார். மேல் குழாய் இன்ஜினில் சேரும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. அதன் நடுவில் ஒரு முத்துத் துளி. யாரோ கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கியதில் அது குழாயைக் கடித்து, அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கிற ஒரு வெடிப்பு. சொட்டுவதெல்லாம் நேராகச் சுடு புகைக்குழாய்மேல் விழுந்து ஆவியாகிவிடுகிறது. தரையில் எப்படி ஈரம் இருக்கும்?

"நுனியை வெட்டிட்டு மாட்டினா தைப்பிங் போயிடுமா?" என்றான் தம்பி.

"சமவெளின்னா போகும். முன்னால புக்கிட் பெராப்பிட் ஏறணும், சுமையோட. அவசரப்படாத லா."

புதுக் குழாய் வாங்க ஆள் போனார். பால்மர ஊரிலேயே ரப்பர் குழாய் வெடித்ததே என்று நான் சிரித்தேன். போர்மேன் திருத்தினார்: இப்போது ரேடியேட்டர் குழாய்கள் ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர். பால்மரத்து ரப்பர் சூட்டில் சீக்கிரம் வெடிப்பு விடும். ஆனால் கீழே இருக்கிற லோரி டயரில் இன்னமும் அது நிறைய இருக்கிறது.

வடித்த பழைய கூலண்டை ஒரு பேசினில் பிடித்து உடனே மூடினார். பூனை நக்கிவிடுமாம், நக்கினால் செத்துப்போகும். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியதற்குத் தம்பிக்குத் திட்டும் கிடைத்தது. நம் ஊரில் பனி உறையாதுதான், துரு பிடிக்குமே. பட்டறை மூலையில் அவர் குடிப்பதற்கு ஒரு கறுப்பு லாபு சாயோங் இருந்தது, ஆற்றுக்கு அக்கரை சாயோங்கில் செய்யும் சுரைக்காய் வடிவ மண் கூஜா. மண்ணில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. கசிவு நல்லதாக இருக்கும் ஒரே இடம் அந்தப் பட்டறையில் அதுதான்.

குழாய், கிளிப்புகள், ரப்பர் இறுகிப்போன மூடிக்குப் பதில் புது மூடி, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 180 வெள்ளி. காற்று முழுக்க வெளியேறும்வரை இன்ஜினை ஓடவிட்டு, குழாயைப் பிசைந்து பிசைந்து நிரப்பினார். நாளைக் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மறுபடி அளவு பார்க்கச் சொன்னார்.

பாடாங் ரெங்காஸ் தாண்டி மேடு தொடங்கியதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். இரண்டாவது கியரில் லோரி முனகிக்கொண்டு ஏறியது. முள் நடுவிலேயே நின்றது. இறக்கத்தில் தம்பி கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "அந்த இரும்புக்காரருக்கு நீயே சொல்லிடு அண்ணே" என்றான்.