தற்காலிகத் தாங்கி

பழைய கார் ஒன்றைத் திருத்தத் தொடங்கும் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இஞ்சினுக்கு உயிர் இருக்கா? பெயின்ற், சீற், கண்ணாடி எல்லாம் பிறகு. எங்கட ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றுக்கும் அதே கேள்விதான். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த மொடல். யாழ்ப்பாணத்தில் ஹயர் காராகவும் கலியாணக் காராகவும் ஓடின வகை. எங்களில் ஒருவரின் பெரியப்பா வீட்டு மாமரத்துக்குக் கீழே வருசக்கணக்காய் நின்றதை நாங்கள் நாலு பேர் பொறுப்பெடுத்தோம்.

இஞ்சினைச் சோதிக்கப் பெற்றோல் வேண்டும், பெற்றோல் ஊற்றத் தாங்கி வேண்டும். இந்தக் காரின் தாங்கி பின்பக்கம் இருக்கிறது. ரோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளுக்குள் துருச் செதிலும், பிசினாய் இறுகின பழைய பெற்றோலும். அதைக் கழற்றிக் கழுவி, ஓட்டைகளை அடைக்கக் காசும் நாளும் போகும். இஞ்சின் செத்துப்போயிருந்தால் அவ்வளவும் வீண். அதனால்தான் தற்காலிகமாய் ஒன்று கட்டினோம்.

வேலை பெரிதில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தண்ணிப் போத்தல் வேண்டாம். பெற்றோலுக்கென்றே செய்த கான்தான் எடுத்தோம். மூடியில் ஊசித்துவாரம் ஒன்று. காற்று உள்ளே போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பெற்றோல் இறங்காமல் நின்றுவிடும், நாங்கள் காபரேற்றரைக் குறை சொல்லிக்கொண்டு நிற்போம். கானுக்குக் கீழே ஒரு திருகுகுழாய், அதற்குப் பிறகு ஒரு பில்ரர், பிறகு பெற்றோல் ஹோஸ். மேசன்மார் மட்டம் பார்க்கிற கண்ணாடி ரியூப் மலிவுதான், ஆனால் பெற்றோல் பட்டால் கொஞ்ச நாளில் விறைத்து வெடித்துவிடும்.

பழைய பம்மை லைனிலிருந்து விலக்கினோம். அதன் டயபிரம் கிழிந்திருந்தால் பெற்றோல் இஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். பம் இல்லாவிட்டால் உயரம்தான் தள்ளவேண்டும். காபரேற்றரை விட இரண்டடி உயரத்தில் கான் இருந்தால் ஒரு பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தம்தான் வரும். நின்ற இடத்தில் இஞ்சின் ஓட அது காணும். கானை இஞ்சினுக்கு மேலே தொங்கவிடவில்லை. இந்த இஞ்சினில் காபரேற்றரும் புகை போகிற மனிபோல்டும் ஒரே பக்கம். ஒரு துளி ஒழுகினாலும் சூடான இரும்பில்தான் விழும். ஆகவே காருக்கு வெளியே ஒரு ஸ்ராண்ட், அதில் கான், கானுக்குள் ஒரு லீற்றர், பக்கத்தில் மண் வாளி.

பிளக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் ஒயில் விட்டு, கையால் சுற்றிப் பார்த்து, பிறகு பற்றரியைக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சைலன்சருக்குள் இருந்த எறும்புப் புற்று முழுக்க முற்றத்தில்.

சத்தம் கேட்டு வந்தவர்களில் பக்கத்து வீட்டு ஐயாவும் ஒருவர். அந்தக் காலத்தில் கராஜ் வைத்திருந்தவர். கானைப் பார்த்துச் சிரித்தார். "தம்பியவை, உதுக்கே இவ்வளவு கொண்டாட்டம்? நாங்கள் ஷாம்பூ போத்திலோட சீவிச்சனாங்கள்."

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் போனபோது, வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்திலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏ40 போன்ற குறைந்த அழுத்த இஞ்சின்கள் அதைத் தாங்கின. ஐயா சொன்ன மிச்சக் கதையை ஆரும் பெருமையாய்ச் சொல்வதில்லை. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து பெயாரிங் தேய்ந்தது, வால்வில் கரி பிடித்தது, புகையில் கண் எரிந்தது. "கெட்டித்தனம் எண்டு இப்ப சொல்லுறியள். எங்களுக்கு அப்ப வேற வழியில்லை."

பிரச்சினை அடுத்த கிழமை வந்தது. கார் ஓடுது என்று தெரிந்ததும், கானை மேலே கூரையில் கட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு ஒருக்கால் போய் வருவோம் என்று பெரியப்பா கேட்டார். "அந்த நேரம் ஓடேல்லையே? மூண்டு மைல்தானே?" அவருக்கு எழுபத்தெட்டு வயது. இந்தக் காரில்தான் மாப்பிள்ளையாய்ப் போனவர். எங்களில் இரண்டு பேர் ஓமெண்டு நின்றார்கள், இரண்டு பேர் மாட்டோம் என்றோம். அன்றைக்குச் சாப்பாடும் சரியாய் இறங்கவில்லை.

கடைசியில் நாலு பேரும் மாட்டோம் என்றே முடிவெடுத்தோம். சடுதியாய் பிறேக் அடித்தால் கூரையில் இருக்கிற கான் முன்னுக்கு வரும், ஹோஸ் கழரும், பெற்றோல் மனிபோல்டில் ஊற்றும். இது தொழில்நுட்பக் காரணம். இன்னொன்றும் இருந்தது. எங்கட ஊரில் 'தற்காலிகம்' என்ற சொல்லை நம்ப ஏலாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பின சனத்துக்குத் தற்காலிகமாய்த்தான் நலன்புரி நிலையம் கொடுத்தார்கள். 25 வருசத்துக்குப் பிறகும் அங்கே குடும்பங்கள் இருந்தன. தகரக் கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் அதே கொட்டிலில் கலியாண வயதுக்கு வந்தார்கள். ஓடுகிற ஒன்றை, தங்குகிற ஒன்றை ஆரும் அவசரமாய் மாற்றுவதில்லை. 'சமாளிக்கிறாங்கள்தானே' என்று விட்டுவிடுவார்கள். எங்கட சனத்தின் சமாளிப்பை நாங்களே மெச்சி மெச்சி எழுதுகிறபோதும் அதுதான் நடக்கிறது: சமாளிக்க வைத்தது ஆர் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

ஒரு கானையும் ஒரு முகாமையும் ஒப்பிடவில்லை. கானை எங்களால் கழற்ற முடியும், அவ்வளவுதான் வித்தியாசம். கழற்ற முடிந்ததையாவது கழற்றப் பழகவேணும்.

பெரியப்பாவுக்கு நேரே போய்ச் சொன்னோம். இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே தாங்கியைக் கழற்ற ஸ்பனரோடு வந்து நின்றார். போல்ற்றுகள் துருவில் இறுகி, அரை நாள் எடுத்தது. தாங்கி இப்போது கராஜில். கானில் பிளாஸ்ரர் ஒன்று ஒட்டி, கழற்றவேண்டிய திகதியைப் பேனையால் எழுதியிருக்கிறோம். கையெழுத்து பெரியப்பாவுடையது.