“எப்ப சூடாகுது தம்பி?”

போடிநாயக்கனூரில் ஜீப் பட்டறைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. மற்ற நாளெல்லாம் விடியுமுன்னே ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் வண்டிகள், பொழுது சாய்ந்துதான் இறங்கும். தோட்டத்துக்கு லீவு விட்டால்தான் பானெட்டைத் திறந்து பார்க்கவே நேரம். அப்படியொரு ஞாயிறு காலையில் தகரக்கூரை போட்ட பட்டறை ஒன்றில் போய் உட்கார்ந்தேன். ‘இன்ஜின் ஹீட் ஆகுது’ என்று வரும் பழைய வண்டிகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

முதலில் வந்தது மகிந்திரா எம்எம் 540. உள்ளே பியூஜோ உரிமத்தில் செய்த 2112 சிசி டீசல் இன்ஜின். ஓட்டிவந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வண்டி அவனைவிட மூத்தது. மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேள்விதான் கேட்டார்.

“எப்ப சூடாகுது தம்பி? மெட்டு ஏறையிலா, தேனி ரோட்டுல போகையிலா?”

“ரெண்டுலயுந்தாண்ணே.”

“காலையில மூடியத் தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா? தண்ணியில குமிழி வருதா?”

“அதெல்லாம் வரல.”

“அப்பச் சரி. ஹெட்டு தப்பிச்சிருச்சு.”

இந்த மூன்று கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது கொஞ்சநேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மலையேறும்போது வண்டி ஃபர்ஸ்ட் கியரிலும் செகண்ட் கியரிலும் முனகிக்கொண்டு போகும். எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுக்கும் காற்றுதான் கதி. அங்கே மட்டும் சூடானால் காற்றுப் பக்கம் கோளாறு: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் இதழ்களுக்கு இடையே சேறும் பூச்சியும் அடைத்திருக்கும். சமவெளியில் அறுபதில் போகும்போது காற்றுக்குப் பஞ்சமில்லை. அப்போதும் சூடானால் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். டியூப் அடைத்திருக்கலாம்; பம்ப்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம்; கீழ் ஹோஸ் ஊறி நைந்துபோய், வேகம் கூடும்போது உறிஞ்சலில் சப்பையாக ஒட்டிக்கொள்ளலாம். ராத்திரி முழுக்க ஆறிக்கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது. எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. அது பெரிய செலவு. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து ஃபேஸ் பண்ண வேண்டும்.

ரெண்டு பக்கமும் கோளாறு என்று முடிவாயிற்று. காற்றுப் பக்கம் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய தகரக் கூண்டு இல்லை. முன்பு யாரோ பெல்ட் மாற்ற இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி, திரும்ப மாட்டவே இல்லை. அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்காது. பக்கவாட்டில் கிடைக்கும் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். பழைய ஜீப்புகள் பலவற்றில் இந்தக் கூண்டைக் காணோம்.

தண்ணீர்ப் பக்கத்தைப் பார்க்க அவர் எடுத்தது, தொடாமலே சூடு காட்டும் சின்னத் துப்பாக்கி. கையை வைத்தே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சின்ன ஏமாற்றம். “உள்ளங்கை தோலு உரிஞ்சு உரிஞ்சு மரத்துப்போச்சு சார். இது பொய் சொல்லாது” என்றார். இன்ஜினை ஓடவிட்டு ரேடியேட்டர் முகத்தில் மூலைக்கு மூலை அடித்துக்கொண்டே போனார். சுற்றிலும் கொதிக்க, நடுவில் ஒரு அகலமான பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தது. அந்த டியூப்களில் சுடுதண்ணீர் போகவே இல்லை.

இரண்டு கடை தள்ளி ரேடியேட்டர் வேலை செய்யும் பெரியவர் இருந்தார். பித்தளை டேங்க்கின் விளிம்பில் பர்னர் நெருப்பைக் காட்டி, ஈயம் இளகும்போது குறடால் மெல்ல நெம்பி மேல் டேங்க்கைப் பிரித்தார். உள்ளே செம்பழுப்பாகச் சேறு. அதற்கடியில் மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். “மஞ்சப்பொடி. எவனோ ஒழுகுதுன்னு போட்டுருக்கான்.” வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள்தூளைக் கொட்டி அடைப்பது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். ஒழுகல் நிற்கும், வண்டி ஊர் வந்து சேரும். ஆனால் ஓட்டையை அடைத்த பொடி நல்ல டியூப்பையும் அடைக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு டியூப்பிலும் விட்டு இழுத்தார். அவசரப்பட்டால் டியூப் கிழிந்துவிடும். பிறகு காஸ்டிக் சோடாக் கரைசல், கழுவல், மறுபடி ஈயம். கடைசியில் எல்லா வாயையும் அடைத்து, காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஈயப்புகை அந்த அறையில் அப்படியே நின்றது. முகத்தில் துணிகூடக் கட்டவில்லை. இப்போதைய வண்டிகளில் அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க்; ஒழுகினால் தூக்கிப்போட்டுப் புதுசு மாட்டுவதுதான். இந்த வேலை பழகப் பையன்கள் வருவதில்லை என்று அவர் வருத்தப்பட்டார். அந்தப் புகையைப் பார்த்தபின், வராததே நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு விஷயத்தில் மெக்கானிக்கோடு எனக்கு உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட். வருகிற ஜீப்பிலெல்லாம் அதைக் கழற்றி எறிவது வழக்கமாகிவிட்டது. அதைக் கழற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கி, சுமார் 82 டிகிரியில் வாய் திறக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. கெட்டுப்போனால் மாற்றலாமே தவிர, இல்லாமலே ஓட்டினால் மலைக்குளிரில் டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாமல் புகை கக்கும், தேய்மானம் கூடும். “சூடாகாம இருக்கத்தான சார் கழட்டுறோம்” என்று சிரித்தார். வாதம் அதோடு நின்றது.

ரேடியேட்டர் மூடியை மட்டும் அவரே பிடிவாதமாக மாற்றச் சொன்னார். காரணம் இருக்கிறது. மலையேற ஏறத் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். 7,000 அடியில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி நன்றாயிருந்தால், ஒரு பவுண்டு அழுத்தத்துக்குச் சுமார் ஒன்றரை டிகிரி கூடும். ஏழு பவுண்டு மூடி என்றால் பத்து டிகிரிக்கு மேல் லாபம். ரப்பர் வாஷர் வெடித்த மூடி இருந்தும் இல்லாததுபோலத்தான். போர்வெல் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கூலன்ட் கலந்து ஊற்றச் சொன்னார். உப்புத் தண்ணீர் டியூப்புக்குள் படிவு கட்டும்.

சாயங்காலம் வண்டி தயார். “ரேடியேட்டர் புதுசு மாதிரி. இனியாச்சும் ஆளக் கொறச்சு ஏத்து” என்றார் மெக்கானிக். பையன் பதில் சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனிடம் அதற்குப் பதில் இருக்காது.

கொழுக்குமலையில் சூரியோதயம் பார்க்கச் சூரியநெல்லியிலிருந்து இப்படியொரு ஜீப்பில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதி வழியில் டிரைவர் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் அவசரப்படுத்தாதீர்கள், மூடியையும் திறக்கச் சொல்லாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். அரைமணி நேரம் ஆறவிட்டால் வண்டி தானாக ஏறும்.