பச்சைக்கறியும் ஒரு சாப்பாட்டு டப்பாவும்

நாய்க்குக் கறியைப் பச்சையாகக் கொடுக்கலாமா, வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டுமா? கோட்டூர்புரத்தில் மாலையில் நாயோடு நடக்கிறவர்களிடையே ஓயாத விவாதம் இது. பச்சைக்கறிக் கட்சிக்காரர்கள் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட்டை இழுப்பார்கள். நாய்க்குப் பச்சை எலும்பும் கறியும் கொடுக்கச் சொல்லி 1993இல் அவர் எழுதிய புத்தகம்தான் இவர்களுக்கு வேதம். நாய் ஓநாயின் வாரிசு, ஓநாய் என்ன அடுப்பா வைத்திருந்தது என்பார்கள். அதுதான் இயற்கையாம்.

'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இயற்கை என்று சொல்லித்தானே அடுப்படியை நம்மிடம் ஒப்படைத்தார்கள். நாய் விஷயத்திலும் அந்த வாதம் முழுசாக நிற்காது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் மிக அதிகம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2013இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். மனிதரோடு சேர்ந்து கஞ்சியும் கூழும் குடித்து வளர்ந்த பிராணி அது. அதற்காகத் தயிர்சாதக் கட்சியும் சரியென்று ஆகிவிடாது. வெறும் தயிர்சாதத்தில் நாய்க்குப் புரதம் போதாது. எலும்பில்லாத கறியை மட்டும் போட்டால் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து குட்டியின் கால் வளையும்.

எங்கள் வீட்டு நாய் தெருவிலிருந்து வந்தவள். கோழியையும் ஈரலையும் வேகவைத்து, கொஞ்சம் சோறும் பூசணியும் பிசைந்து வைப்போம். வெங்காயம் சேர்ப்பதில்லை, நாய்க்கு அது விஷம். எலும்பை வேகவைத்துப் போடக் கூடாது என்பதில் மட்டும் பச்சைக்கறிக்காரர்களோடு எனக்கு முழு உடன்பாடு. வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஆனால் இந்த விவாதத்தில் நான் பார்த்தவரை எல்லோரும் நாயின் வயிற்றைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் கறியைக் கழுவும் கையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

பச்சைக்கோழியில் சால்மொனெல்லா இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் அது சாகாது. நாய் ஒரு நோவும் இல்லாமல் துள்ளித் திரியும். கிருமி அதன் மலத்திலும் கிண்ணத்திலும் வெளியே வந்துகொண்டிருக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் பச்சை இறைச்சி உணவு வேண்டாம் என்று கொள்கை வகுத்தது, மனிதருக்கு வரும் ஆபத்தையும் எண்ணித்தான். கறிக்கடையில் நாய்க்கென்று மலிவாக வாங்கும் ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருந்து, நாய் அதைப் பச்சையாகத் தின்றால், அதன் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டை நாயின் மலத்தை அள்ளுகிறவரின் கைவழியாக வாய்க்குப் போனால், கல்லீரலில் கட்டி வளரும். பல வருடங்களுக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் அடுக்ககத்தின் மேல்தளத்தில் ஒரு குடும்பம், சைவம். நாய்க்குப் பச்சைக்கறி என்று முடிவெடுத்தது மகன். வாங்கிவந்து ஃப்ரீசரில் வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. அம்மாவுக்குக் கறியைப் பார்த்தாலே குமட்டும். ஆகவே அதை எடுத்து, வெட்டி, கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைக் கழுவி, மலத்தையும் அள்ளுவது வீட்டு வேலைக்கு வரும் அக்கா. வெறுங்கை. விரலில் எப்போதும் ஒரு சோப்புப் புண்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அக்காவுடையதும் ஒன்று. முன்பெல்லாம் மதியம் நடந்தே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார். இப்போது பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பஸ். டப்பா கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அந்த டப்பாவில் கருவாடோ முட்டையோ இருக்கக் கூடாது என்பது மேல்வீட்டு விதி. "நாய்க்கு நான்தான் மேடம் கறி வெட்டிப் போடுறேன். அப்போ வராத வாடை என் டப்பாவைத் தொறந்தா மட்டும் வந்துடுது" என்றார் ஒருநாள், சிரித்துக்கொண்டேதான்.

இது ஒரு வீட்டு விசித்திரம் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில்தான் ஐஐடி. அங்கே 2018 டிசம்பரில் ஒரு விடுதி உணவகத்தில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனி வாசல், தனிக் கை கழுவுமிடம் என்று தாள் ஒட்டி, சர்ச்சையானபின் எடுத்தார்கள். கறியா இங்கே பிரச்சினை? கறி நாயின் கிண்ணத்தில் இருந்தால் ஊட்டச்சத்து, அக்காவின் டப்பாவில் இருந்தால் தீட்டு.

அக்காவின் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அம்மாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் அவள் வந்து வேலை செய்தாள். பச்சைக்கறியில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கும். அது தெரிந்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மேலே ஏறிப் போனேன்.

மேல்வீட்டு அம்மா என் கவிதை வாசிப்புக்கு வந்து கைதட்டியவர். கெட்டவர் இல்லை. கையுறை, தனி வெட்டுப்பலகை, கறியை வேகவைப்பது, கர்ப்பிணியைக் கறி தொடச் சொல்லாமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாய்க்கு மாதாமாதம் டாக்டர் பார்க்கிறாரே என்றார். நாய்க்குப் பார்க்கிறார்தான், அக்காவுக்கு யார் பார்க்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இதுல இஷ்டமில்லைம்மா. பையன்கிட்ட யார் சொல்றது?" என்றார். அந்த வீட்டில் அவருக்கும் வாய் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் டப்பா விதி அவர் போட்டதுதான். அதையும் கேட்டேன். "வாடை..." என்று இழுத்தார்.

மறுவாரம் கையுறை வந்தது. பலகையும் வந்தது. மகளை இனி அனுப்ப வேண்டாம், அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கறியை வேகவைப்பது பற்றி மகன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாராம். மதியம் ஒரு மணிக்கு அக்கா இப்போதும் மொட்டைமாடிப் படிக்கட்டில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். "வேலை செய்ற வீட்டுல உக்காந்து சாப்பிட முடியலயே மேடம், உங்க வீட்டுக்கு எதுக்கு?" என்றார்.