முழங்கால் மணல்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. வேளாங்கண்ணிப் பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில், வெயில் இறங்கட்டும் என்று காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக முழங்காலிடுகிறார்கள். மூன்று மணிக்கு இந்த மணலில் கால் வைக்க முடியாது. ஐந்துக்கு மேல் சூடு தணிந்துவிடும். உள்ளே கிடக்கும் சிப்பித் துண்டுகள்தான் எந்த நேரத்திலும் குத்தும்.

செப்டம்பர் 8 திருவிழாவின் நெரிசல் இப்போது இல்லை. பூசையில் அல்லேலூயா இல்லாத நாட்கள் இவை. சாமியாரின் மேலங்கி ஊதா. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தொடங்கிய காலம். போன வருடத்துக் குருத்தோலையை, வீட்டுப் படங்களுக்குப் பின்னால் காய்ந்துகிடந்த அந்த ஓலைச் சிலுவைகளைத் திரட்டி எரித்த சாம்பல்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த குழு ஒன்று கடற்கரைச் சாலை வழியாக வருகிறது. காவி வேட்டி, காவிச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. யார் காலிலும் செருப்பில்லை. ஒரு பெரியவரின் குதிகாலில் துணிக்கட்டு, அது அழுக்காகி மண் நிறத்துக்கு வந்துவிட்டது. சாலையோரம் மசாலா தடவிய மீன் எண்ணெயில் பொரிகிறது. வெள்ளிக்கிழமை விலக்க வேண்டியது இறைச்சியைத்தான், மீனுக்குத் திருச்சபையின் தடை இல்லை. ஆனாலும் சாம்பல் புதனிலிருந்தே கவுச்சி தொடாதவர்கள் இவர்கள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. காவியைக் கண்டதும் கூவுவதை நிறுத்திக்கொள்கிறார். குழு தாண்டிப்போன பிறகு மறுபடியும் குரல் எழும்புகிறது.

கிறிஸ்தவர்களுக்கு ஏது காவி என்று கேட்பவர்கள் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உணவோடு ஒருவேளைச் சாப்பாட்டில் வாழ்ந்தவர். அதே மதுரை மிஷனில் பண்டாரச்சாமியாக ஊர் ஊராக நடந்த அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ, ஓரியூரில் தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி. அன்று சாம்பல் புதன். இந்தத் துணிக்கு இங்கே முந்நூறு ஆண்டுக்கும் மேலான வேர் இருக்கிறது. உடுத்தியிருக்கும் பெரியவர் அதையெல்லாம் யோசிப்பவராகத் தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்குகிறார்.

அவருக்குப் பின்னால் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியிருக்கும். சேலைக்குமேல் முழங்கால்களில் துண்டு சுற்றச் சொல்லிப் பேத்தி கெஞ்சுகிறாள். பாட்டி கையை அசைத்து மறுத்துவிட்டு மெழுகுதிரியைப் பற்றவைக்கிறார். கடல் காற்றில் அது உடனே அணைகிறது. அணைந்த திரியோடேயே நகரத் தொடங்குகிறார். முதலில் வலது முழங்கால், பிறகு இடது, பிறகு ஒரு மூச்சு. பேத்தி தண்ணீர் பாட்டிலோடு பக்கத்திலேயே நடக்கிறாள்.

“ஒரு வாய் குடி அப்பாயி.”

“முடிச்சிட்டுக் குடிக்கிறேன்டி.”

பாதையோரம் சிலுவைப்பாதை நிலைகள். முதல் மூன்றையும் பாட்டி நின்று, சிலுவை வரைந்து, கடந்துவிடுகிறார். நான்காம் நிலையில் நகரவில்லை. சிலுவை சுமக்கும் மகனைத் தாய் வழியில் காணும் இடம் அது. பின்னால் வந்த இரண்டு பேர் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பாட்டியின் உதடுகள் நெடுநேரம் அசைகின்றன. ஜெபப் புத்தகத்து மன்றாட்டுக்கு இத்தனை நேரம் ஆகாது. இது வேறு பேச்சு, ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேசுவது. என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

அந்த நான்காம் நிலை நற்செய்தி நூல்களில் இல்லை. தாய் சிலுவையடியில் நின்றதை யோவான் எழுதியிருக்கிறார், வழியில் மகனைச் சந்தித்ததை நால்வரில் எவரும் எழுதவில்லை. இயேசு மூன்று முறை விழுந்ததும் ஏட்டில் இல்லை, வெரோணிக்காள் முகம் துடைத்ததும் இல்லை. எருசலேமில் அந்த வழியே நடந்தவர்களும், அவ்வளவு தூரம் போக முடியாமல் தங்கள் ஊரிலேயே அந்த வழியை அமைத்து நடந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தவை அவை. நிலைகள் 14 என்று திருத்தந்தை 12-ஆம் கிளமெந்து உறுதிசெய்தது 1731-இல்தான். பாரம் சுமந்தவன் தடுக்கி விழாமலா போயிருப்பான், பெற்றவள் ஓடி வராமலா இருந்திருப்பாள் என்று, கால் நோக நடந்தவர்களுக்குத்தான் தோன்றியிருக்க முடியும். விசுவாசம் ஏட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, முழங்கால் வழியாகவும் ஏறுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான்காம் நிலையில் இந்தப் பாட்டி நின்ற நேரம்தான் அதற்கு எனக்குப் போதுமான சாட்சி.

ஒன்பதாம் நிலையில், மூன்றாம் முறை விழுகிற இடத்தில், காவிப் பெரியவர் கைகளை மணலில் ஊன்றிவிடுகிறார். யாரும் தூக்க ஓடவில்லை. அவரே எழட்டும் என்று பொறுக்கிறார்கள். எழுகிறார்.

குளத்துப் பக்கம் முடித்தபோது இருட்டிவிட்டது. பாட்டியின் சேலையில் முழங்கால் இருந்த இடம் நைந்திருக்கிறது. இப்போது தண்ணீர் குடிக்கிறார், பாதி பாட்டில் ஒரே மூச்சில். வந்தது நடந்து, திரும்புவது பேருந்தில். நிலையத்தில் பேச்செல்லாம் ஊரைப் பற்றி. நாளைக்கு உளுந்து பிடுங்க ஆள் சொல்லியாயிற்றா, வெயிலுக்கு முன்னால் வயலில் இறங்கினால் தேவலை.

“வர்ற வெள்ளி நானும் ஒருசந்தி இருக்கேன் அப்பாயி.”

“உனக்கு வயசு வரல. பதினெட்டு ஆகட்டும்.”

“மறைக்கல்வியில டீச்சர் சொன்னாங்க, அறுபது வயசானவங்களுக்கும் ஒருசந்தி கட்டாயம் இல்லையாம். நீ மட்டும் ஏன் இருக்க?”

“வாய் பேசாத. பஸ் வருது பாரு, ஓடிப்போய் எடத்தப் புடி.”