ஐந்தாவது கியர்

வாப்பா விட்டுச்சென்ற 1978ஆம் ஆண்டு அம்பாசிடருக்கு நான்கே கியர்கள். கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் ஓரத்தில் இருக்கும். கீழக்கரையிலிருந்து மதுரை மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் எஞ்சினின் இரைச்சலால் உம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும்.

பிற்கால அம்பாசிடர்களில் வந்த இசுஸு ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தலாம் என்றார் மெக்கானிக். ஐந்தாவது கியரில் அதே வேகத்திற்கு எஞ்சின் குறைவாகவே சுழலும், இரைச்சலும் தணியும். ஆனால் பெட்டி பெரியது. எஞ்சினோடு இணைக்க இடைத்தட்டு ஒன்று கடைய வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தைக் குறைக்க வேண்டும். தரைத் தகட்டை வெட்டி உயர்த்த வேண்டும். வாப்பாவின் கை பழகிய கியர்த் தண்டையும் கழற்றிவிட வேண்டும். அதைக் கேட்டதும் நான் தயங்கினேன்.

"ஓட்டுவதற்காகத்தானே அவர்கள் வாங்கினார்கள்? வெட்டச் சொல்" என்றார்கள் உம்மா.

வேலை முடிந்து மீண்டும் மதுரைக்குப் புறப்பட்டோம். ஐந்தாவது கியர் விழுந்ததும் வண்டி அமைதியாயிற்று. வழிநெடுக வாப்பாவைப் பற்றி உம்மா பேசிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பெரியோர் விட்டுச்சென்ற பொருளைப் பயன்படுத்திக் காப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதையே என்பதை அன்று உணர்ந்தேன்.

என் இடக்கை மட்டும் இன்றும் சில வேளைகளில் ஸ்டியரிங்கின் ஓரத்தைத் தேடுகிறது.